நிலுவை இல்லை

ஊராட்சித் தலைவராக நிற்க
இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும்.
ஊர்ப் பட்டியலில் பெயர் வேண்டும்.
ஊராட்சி வேலை எதையும் தன் பெயரில்
ஒப்பந்தம் எடுத்திருக்கக் கூடாது.
மச்சினன் பெயரில் எடுத்திருந்தால்
அதற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

பாப்பாக்குடி ஒன்றிய அலுவலகத்தில்
இது நான் மனு வாங்கும் மூன்றாவது தேர்தல்.
பசைப் புட்டி, முத்திரை மை,
மூன்று நிமிடம் பிந்தி ஓடும் சுவர்க்கடிகாரம்.
அதில் மூன்று அடித்தால்தான் கதவடைப்போம்.

கடைசி நாள். பெண்களுக்கான ஊர்.
நாலு வேனில் ஆள் வந்து இறங்கியது.
வேட்பாளர் தங்கபுஷ்பம் நாற்காலியில் உட்கார
கேள்விக்கெல்லாம் அவர் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.
பேனா மூடியையும் அவரே திறந்து கொடுத்தார்.
கையெழுத்து மட்டும் சட்டப்படி அந்தம்மாவுடையது.

ரெண்டேகாலுக்கு முப்பிடாதி வந்தாள்,
முக்கூடல் பஸ்ஸில், முன்மொழிபவளோடு.
இரண்டு பேர் கையிலும் பீடித்தூள் வாசம்.

அசையும் சொத்து?
'மூணு வெள்ளாடு. ஒண்ணு செனை.
அத எப்பிடி எழுத?'
மூன்று என்றே எழுதினேன்.

வழக்கு?
'உண்டு. காலிக் குடத்தோட ரோட்டுல இருந்தோம்.
எட்டுப் பேருல நான் ஆறாவது.'
நிலுவையில் உள்ளது என்று நிரப்பினேன்.
எட்டிப் பார்த்தாள்.
'நிலுவையா? அதையும் நாந்தான் கெட்டணுமா?'

இல்லை, கட்ட வேண்டியது இது:
குடிநீர்க் கட்டணம், மாதம் ஐம்பது,
முப்பத்தொரு மாதம்.
பாக்கி இருந்தால் மனு செல்லாது.

கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.
'கொழா வச்சது நெசம்.
ஆபீசர் வந்து போட்டோ புடிச்சது நெசம்.
அந்தப் போட்டோவுக்கு வந்த தண்ணிதான் சார்,
பொறவு வரல.'

இணைப்பு இருக்கிறதா என்றுதான் விதி கேட்கிறது.
தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் ரசீதுப் புத்தகத்தோடு
ஊராட்சிச் செயலர் உட்கார்ந்திருந்தார்.
ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
ஆறாயிரம் பீடி, அதற்கு மேலும் கொஞ்சம்.
முந்தானை முடிச்சில் பாதி,
முன்மொழிந்தவளின் கம்பெனிச் சம்பளத்தில் மீதி.
ஓடி வந்தாள். கடிகாரம் பிந்தியதால் பிழைத்தாள்.

மறுநாள் பரிசீலனையில் ஒரு வக்கீல் எழுந்தார்.
பட்டியலில் முப்புடாதி, மனுவில் முப்பிடாதி;
ஆள் ஒருத்திதானா?
அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'அம்மன் பேரையே கோயில் வளைவுல ஒரு மாதிரி,
உண்டியல்ல ஒரு மாதிரிதான வே எழுதிருக்கு.
அம்மன் ஒண்ணா, ரெண்டா?'
ஏற்கப்பட்டது.

நான்காம் நாள் புகார் வந்தது:
ஊரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்,
அச்சகத்தின் பெயர் இல்லை, விதிமீறல்.
விசாரிக்க என்னை அனுப்பினார்கள்.

பைக்கில் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது.
தெருவுக்குத் தெரு குழாய்.
குழாய்க்குக் குழாய் ஒரு காகிதம்:
அவள் பணம் கட்டிய ரசீதின் ஜெராக்ஸ்.
முப்பத்தொரு மாதத் தண்ணீருக்குப்
பணம் பெறப்பட்டது. ஊராட்சி முத்திரை. ஒப்பம்.
வேறொரு சொல் இல்லை.
ஓட்டுப் போடுங்கள் என்றுகூட இல்லை.

குனிந்து பார்த்தேன்.
அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்தது:
கூட்டுறவு அச்சகம்.
'அச்சகத்தின் பெயர் உள்ளது' என்று
பைக் சீட்டில் வைத்தே அறிக்கை எழுதினேன்.

காகிதம் இன்னும் காயவில்லை.
விரலெல்லாம் மைதாப் பசை.
கழுவலாமென்று குழாயைத் திருகினேன்.
உள்ளேயிருந்து யாரோ பெருமூச்சு விட்டதுபோல்
கொஞ்சம் காற்று வந்தது.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.